யார் எழுத்து இது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டைக் கடைத்தெருவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களை நிறுத்தி, "உங்க மெயில் ஐடி என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மெயிலா? நமக்கெதுக்குங்க அதெல்லாம்?" என்று பலர் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு மெயில் இருக்கிறது. புது ஆண்ட்ராய்டு போனை முதல்முறை இயக்கும்போது அது கூகுள் கணக்கு கேட்கும். போன் விற்ற கடைப் பையனோ கல்லூரியில் படிக்கும் மகளோ அங்கேயே ஒரு கணக்கைத் தொடங்கி, ஒரு பாஸ்வேர்டை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கணக்கு இருப்பதே மறந்துபோகும். போட்டோக்களும் தொடர்பு எண்களும் போனில் சேமித்த மற்ற பாஸ்வேர்டுகளும் அந்த மறந்துபோன கணக்கில்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் அதற்கு ஒரு மெயில் வரும். உங்கள் பேடிஎம் கணக்கின் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) காலாவதியாகிவிட்டது என்றோ, போன்பேயில் வந்த பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்றோ எழுதியிருக்கும். நிறுவனத்தின் சின்னமும் வழக்கமான நிறங்களும் அப்படியே இருக்கும். இன்று இரவுக்குள் சரிசெய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்ற எச்சரிக்கைக்குக் கீழே, அழுத்துவதற்கு ஒரு பொத்தான். பதற்றம் வரத்தான் செய்யும். 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில், உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையோரத்து டீக்கடை வரை கியூஆர் அட்டை வந்துவிட்டது. அந்த ஒரு கணக்கு முடங்கினால் கடையின் நாள் வியாபாரமே நின்றுவிடும் என்பது மோசடிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

இப்படி ஏமாந்தவரைப் பார்த்து 'கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே' என்று சொல்வது நம் வழக்கம். அந்தப் பேச்சு நியாயமில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்துவந்தார். 2007 செப்டம்பரில் ஐசிஐசிஐ வங்கியிலிருந்து வந்ததுபோல அவருக்கு ஒரு மெயில் வந்தது. விவரங்களைப் புதுப்பிக்கச் சொன்ன அந்த மெயிலை நம்பி, கேட்டதைக் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து ஏறத்தாழ 6.46 லட்சம் ரூபாய் வெளியேறியது. பாஸ்வேர்டை நீங்களேதான் கொடுத்தீர்கள், பொறுப்பு உங்களுடையது என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி இத்தகைய வழக்குகளில் தீர்ப்பளிக்கும் அதிகாரம் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளருக்கு உண்டு. அப்போது அந்தப் பொறுப்பில் இருந்த டேவிதார், 2010 ஏப்ரலில் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பளித்து, 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு வங்கிக்கு உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. உண்மையான மெயில் எது, போலி எது என்று பிரித்தறிய ஒரு சாதாரண வாடிக்கையாளருக்கு நாம் என்ன வசதி செய்து கொடுத்திருக்கிறோம்?

சிக்கலின் வேர் மெயிலின் பிறப்பிலேயே இருக்கிறது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி என்ற நடைமுறையை 1982இல் ஜான் போஸ்டல் வகுத்து வெளியிட்டார். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களும் பல்கலைக்கழகங்களும் புழங்கிய சிறிய உலகம் அது. அனுப்புநர் உண்மையைத்தான் சொல்கிறாரா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையின் பின்பக்கம் 'அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர், கள்ளக்குறிச்சி' என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம், தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மெயிலில் 'அனுப்புநர்' என்று தெரியும் வரியும் அப்படித்தான், அனுப்புபவர் நிரப்பிக்கொள்ளும் வெற்றிடம்.

இந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு நிறுவனத்தின் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று பட்டியல் வெளியிடுவது முதலாவது, எஸ்பிஎஃப். இரண்டாவதான டிகேஐஎம், ஒவ்வொரு மெயிலிலும் மின்னணுக் கையொப்பம் இடுகிறது. எலவனாசூர் சிவன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் நோக்கம் எளிதில் விளங்கும். அக்கால ஆவணங்களின் முடிவில் 'இவை இன்னார் எழுத்து' என்று பொறுப்பேற்பவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஆவணத்தை நம்பலாமா என்பதை அந்த வரிசைதான் தீர்மானித்தது. டிகேஐஎம்மில் அனுப்பும் சர்வர், மெயிலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணைத் தன் ரகசியச் சாவியால் பூட்டி ஒட்டுகிறது. பெறும் சர்வர், அந்த நிறுவனம் இணையத்தில் வெளியிட்டிருக்கும் பொதுச் சாவியால் அதைத் திறந்து பார்க்கிறது. வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. இந்த இரண்டு சோதனையிலும் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று நிறுவனமே அறிவிப்பது மூன்றாவது, டிமார்க். அப்படியே விடு, ஸ்பேமில் தள்ளு, வாசலிலேயே நிறுத்து என்ற மூன்றில் ஒன்றை நிறுவனம் தேர்ந்தெடுக்கும்.

இந்தக் கடைசி ஏற்பாடு பிறந்ததில் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்குப் பெரும் பங்குண்டு. தன் பெயரில் சுற்றிய போலி மெயில்களால் நொந்துபோன பேபால், 2008 வாக்கிலேயே ஜிமெயிலோடு பேசி, கையொப்பமில்லாத 'பேபால்' மெயில்களை வாசலிலேயே தடுக்க ஏற்பாடு செய்தது. 2012இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ போன்றவற்றோடு சேர்ந்து டிமார்க்கை அறிவித்தது. 2024 பிப்ரவரியிலிருந்து, பெருமளவில் மெயில் அனுப்புவோர் டிமார்க் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கிவிட்டன.

அப்படியும் போலி மெயில் ஏன் வருகிறது? இந்தச் சோதனை 'இந்த முகவரி உண்மையா' என்று மட்டுமே பார்க்கிறது. 'இந்த முகவரி நீங்கள் நினைக்கும் நிறுவனத்துடையதா' என்று பார்ப்பதில்லை. மோசடிக்காரர் சில நூறு ரூபாய்க்கு ஒத்த தோற்றமுள்ள வேறொரு பெயரைப் பதிவுசெய்து, அதற்கு முறையாகக் கையொப்பமும் வைத்துக்கொண்டால் மெயில் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். 2000ஆம் ஆண்டிலேயே பேபால் பெயரில் இது நடந்தது. பேபாலின் கடைசி ஆங்கில எழுத்து சிறிய எல். அந்த இடத்தில் ஐ எழுத்தை வைத்து ஒரு தளம் தொடங்கினார்கள். பெரிய ஐ எழுத்தும் சிறிய எல் எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒரே செங்குத்துக் கோடுதான். நம் பேடிஎம்முக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆங்கிலத்தில் அதன் கடைசி எழுத்து எம். சிறிய ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்தால் சின்னத் திரையில் எம்மாகவே தெரியும்.

கண்ணால் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் 2006இல் நடந்த ஓர் ஆய்வை அறிந்துகொள்ள வேண்டும். ரச்னா தமீஜா, டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் மூவரும் அமெரிக்காவில் 22 பேரை உட்காரவைத்து, உண்மையும் போலியும் கலந்த இணையதளங்களைக் காட்டிப் பிரிக்கச் சொன்னார்கள். ஏமாற்ற வருகிறார்கள் என்று அந்த 22 பேருக்கும் முன்பே தெரியும். அப்படியிருந்தும் மிகத் திறமையாகச் செய்யப்பட்ட போலித் தளத்தில் 90 சதவீதம் பேர் ஏமாந்தார்கள். டபிள்யூ எழுத்துக்குப் பதிலாக இரண்டு வி எழுத்துகளை அடுத்தடுத்து வைத்த ஒரு வங்கியின் பெயர் அது. முகவரிப் பட்டையைத் திரும்பியே பார்க்காதவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். ஆங்கிலம் தாய்மொழியாகப் புழங்கும் நாட்டில், பெரிய கணினித் திரையில், சந்தேகத்தோடு உட்கார்ந்து பார்த்தவர்களின் நிலையே இது. வியாபாரத்தின் நடுவே, ஆறு அங்குலத் திரையில், எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்கும் ஒருவரிடம் 'முகவரியைச் சரிபாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனாலும் படிக்கத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம், வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். இணைய முகவரியைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். தபால் முகவரியில் தெருப் பெயர் முதலில் வந்தாலும் கடிதம் எந்த மாவட்டத்துக்குப் போகும் என்று சொல்வது கடைசி வரிதான். அதுபோல, தொடக்கத்தில் வரும் 'எச்டிடிபிஎஸ்://' என்பதை விட்டுவிட்டால், முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசி இரண்டு துண்டுகள்தான் தளம் யாருடையது என்று சொல்லும். 'பேடிஎம்.காம்.கேஒய்சிஅப்டேட்.இன்ஃபோ' என்று ஒரு முகவரி இருந்தால் அதற்கும் பேடிஎம்முக்கும் தொடர்பே இல்லை, 'கேஒய்சிஅப்டேட்.இன்ஃபோ' என்ற பெயரை வாங்கியவரின் தளம் அது. முன்னால் இருக்கும் 'பேடிஎம்.காம்' அவர் விருப்பம்போல ஒட்டிக்கொண்டது. கோ.இன், கவ்.இன் போன்ற முடிவுகள் வந்தால் மட்டும் கடைசி மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும். போனில் மெயில் செயலி அனுப்புநரின் பெயரை மட்டுமே காட்டும். அந்தப் பெயரைத் தொட்டால்தான் உண்மையான முகவரி விரியும். லிங்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் அது போகும் இடம் தெரியும். பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அதன் பொருள். தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023இல் குரோம் உலாவி பூட்டை நீக்கிவிட்டது.

இந்தப் பரிசோதனையையும் தாண்டும் மெயில்கள் இருக்கின்றன. பேபாலில் யார் வேண்டுமானாலும் யாருக்கும் பில் அனுப்பலாம். அந்த வசதியைப் பயன்படுத்தி, வாங்காத பொருளுக்கு ஒரு பில் போட்டு, 'இதை நீங்கள் வாங்கவில்லையென்றால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று குறிப்பெழுதி அனுப்புகிறார்கள். மெயில் உண்மையாகவே பேபாலிலிருந்து வருகிறது, முகவரியும் கையொப்பமும் சரியாக இருக்கின்றன, அதில் இருக்கும் போன் எண் மட்டும் திருடருடையது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து பேபாலில் கூலி வாங்கும் நம் இளைஞர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நம் நாட்டுக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். யுபிஐ கணக்கு போனோடும் சிம்மோடும் பிணைக்கப்பட்டது. உங்கள் பின் எண் மட்டும் தெரிந்தால் தொலைவில் இருப்பவரால் அவருடைய போனிலிருந்து உங்கள் பணத்தை எடுக்க முடியாது. நல்ல பாதுகாப்பு இது. ஆனால் அதனாலேயே மோசடிக்காரர்கள் உங்கள் போனுக்குள்ளேயே நுழையப் பார்க்கிறார்கள். இங்கே வரும் போலி மெயில், வாட்ஸ்அப் செய்தி, எஸ்எம்எஸ் எல்லாம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றுக்கு இழுக்கும். எனிடெஸ்க் போன்ற, திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவிடும் செயலியைப் போடச் சொல்வது ஒன்று, 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரித்தது. ஏபிகே கோப்பாக ஒரு செயலியை அனுப்புவது மற்றொன்று. கரண்ட் பில், டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான் தவணை என்று அதற்கு ஏதோ ஒரு பெயர் இருக்கும். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படும் முன்பே மோசடிக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எந்தச் செயலியையும் பணம் வைத்திருக்கும் போனில் போடக்கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

பிஎம் கிசான் என்றதும் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு 2020 நினைவுக்கு வரும். ஆண்டுக்கு 6000 ரூபாயை மூன்று தவணையாக விவசாயிகளுக்குத் தரும் அந்தத் திட்டத்தில், தகுதியில்லாதவர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டது அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. முறைகேடு முதலில் பேசப்பட்ட மாவட்டங்களில், பிறந்து ஓராண்டுகூட ஆகாத கள்ளக்குறிச்சியும் ஒன்று. மாநிலம் முழுக்க 110 கோடி ரூபாய்க்கு மேல் போனதாக அரசு செப்டம்பரில் சொன்னது. அதிகாரிகளுக்குரிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தரகர்கள் கைக்குப் போயிருந்தன. அங்கே ஒரு போலி மெயில்கூடத் தேவைப்படவில்லை, பாஸ்வேர்டு கைமாறியதே போதுமானதாக இருந்தது. பல விவசாயிகள் இன்றும் தங்கள் கணக்கு விவரத்தை பிரவுசிங் சென்டரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள், பாஸ்வேர்டும் அங்கேயே ஒரு நோட்டில் இருக்கும். போலி மெயிலைப் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்கள் இந்த நோட்டைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டில் ஒருவராவது கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைத் தானே மாற்றி, மீட்பு எண்ணாகத் தன் எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டும். போன் விற்ற கடையின் எண் அதில் இருக்கிறதா என்று இன்றே பார்க்கலாம்.

போலியைக் கண்டுபிடிப்பதை விட நம்பகமான பழக்கம் ஒன்று உண்டு. வந்த செய்தி உண்மையோ பொய்யோ, அது காட்டும் வழியில் போகாமல் இருப்பதுதான். கேஒய்சி முடிந்துவிட்டது என்று மெயில் சொன்னால் மெயிலை மூடிவிட்டு, போனில் ஏற்கெனவே இருக்கும் செயலியை நீங்களாகவே திறந்து பாருங்கள். உண்மையாக இருந்தால் அங்கேயும் சொல்லியிருப்பார்கள். வங்கியிடம் பேச வேண்டுமானால் பாஸ்புக்கிலோ ஏடிஎம் அட்டையின் பின்னாலோ இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள், கூகுளில் தேடி எடுத்த எண்ணும் போலியாக இருக்கலாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதன் பலம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை என்பதும் இதே வகை அறிவு. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

நிறுவனங்கள் தங்கள் பங்கைத் தாமதமாகவேனும் செய்யத் தொடங்கியிருக்கின்றன. இந்திய வங்கிகளின் தளங்கள் 'பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது, அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் மாறவும் கெடு வைத்தது. அந்த முடிவை வேறு யாரும் வாங்க முடியாது, ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் வங்கிகளுக்கு மட்டுமே பதிவுசெய்து தருகிறது. இருபது தளப் பெயர்களை நினைவில் வைப்பதற்குப் பதில் ஒரே முடிவைப் பார்த்தால் போதும். தூத்துக்குடிக்காரருக்கு 2007இல் இது கிடைத்திருக்க வேண்டும். அடுத்த படி பாஸ்கீ. உங்கள் விரல்ரேகையோ முகமோ போனில் ஒரு சாவியைத் திறக்கும், அந்தச் சாவி பதிவுசெய்த அதே தளத்தில் மட்டுமே வேலை செய்யும். ஆர், என் ஒட்டிய போலித் தளம் மனிதக் கண்ணை ஏமாற்றலாம். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் போனை அது ஏமாற்ற முடியாது. எங்கெல்லாம் பாஸ்கீ வசதி தருகிறார்களோ அங்கெல்லாம், குறிப்பாகக் கூகுள் கணக்கில், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால்? லிங்கைத் திறந்து பார்த்துவிட்டு எதுவும் கொடுக்கவில்லை, எதையும் நிறுவவில்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் உடனே உரிய செயலிக்குள் போய் மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். ஏபிகே நிறுவியிருந்தால் போனின் இணையத்தைத் துண்டித்துவிட்டு வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இந்த எண்ணில் சொன்னதும் புகார் வங்கிகளும் காவல்துறையும் இணைந்த ஓர் அமைப்புக்குள் போகிறது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கியும், அங்கிருந்து அடுத்து எங்கே போனதோ அந்த வங்கியும் அதை நிறுத்தி வைக்கலாம். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்து விரைவாக ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள் என்பதால், வெட்கப்பட்டு மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத்தான் லாபம். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். திருடர்கள் பணத்தைப் பிரித்துப் போடும் கணக்குகள் பெரும்பாலும் கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்டவை. கொஞ்சம் பணத்துக்காகத் தன் பாஸ்புக்கையும் சிம்மையும் இன்னொருவரிடம் கொடுக்கும் கல்லூரி மாணவர், யாரோ ஒரு விவசாயியின் பணம் கடந்துபோன வழியாகக் காவல்துறையின் பட்டியலில் வந்து நிற்பார்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதி இங்கே உதவும். தவறு வங்கியுடையதும் இல்லை வாடிக்கையாளருடையதும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நட்டம் இல்லை. வாடிக்கையாளரே ஓடிபி கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரையிலான நட்டம் அவருடையது, அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. கல்வராயன் மலையில் சிக்னல் இல்லாத ஊர்களில் வங்கியின் எஸ்எம்எஸ் மலை இறங்கும்போதுதான் வந்து விழும், அந்த மூன்று நாள் கணக்கும் தகவல் கிடைத்த பிறகுதான் தொடங்கும். ஆகவே எஸ்எம்எஸ் எப்போது கிடைத்தது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1930இல் பேசிய நேரத்தையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கோபத்தில் அந்தப் போலி மெயிலை அழித்துவிட வேண்டாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால், மெயில் எந்தெந்தச் சர்வர்கள் வழியாக வந்தது, எந்தக் கையொப்பம் தேறியது, எது தோற்றது என்ற முழுத் தடமும் கிடைக்கும். புகார் மனுவோடு அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து இணையுங்கள்.